மொட்டை மாடியில் டீசல் ஊறுமா?



போன வாரம் ஒன்றியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தோம். விவசாயத் தோழர் ஒருவர் செல்போனை நீட்டினார். "தோழர், இதைப் பாருங்க. இனிமே பங்க் பக்கமே போக வேணாமாம்."

ஐந்து நிமிடக் காணொளி. மொட்டை மாடியில் நீலத் தார்பாயில் ஒரு தொட்டி. உள்ளே பச்சைப் பசேலென்று பாசி. ஒருவர் அதை மொண்டு வடிகட்டுகிறார், காய வைக்கிறார், ஏதோ இரண்டு திரவத்தை ஊற்றிக் கலக்குகிறார். கடைசியில் பாட்டிலில் மஞ்சளாக எண்ணெய். அதை ஊற்றியதும் ஒரு பழைய ஆயில் என்ஜின் தடதடவென்று ஓடுகிறது. கீழே ஒரு வரி: இரண்டு நாள் பயிற்சி, கட்டணம் 6,000 ரூபாய், தாய்ப்பாசி இலவசம்.

"பையன் கட்டலாம்ங்கிறான் தோழர். ரெண்டு ஏக்கர் குத்தகை. உழவுக்கு டிராக்டர்காரர் டீசல் விலையைச் சொல்லிச் சொல்லியே வாடகையை ஏத்திட்டார். அறுப்பு மிஷினும் அப்படித்தான். வேற என்ன பண்றது சொல்லுங்க?"

அவர் ஏமாளி இல்லை. நாற்பது வருஷம் மண்ணோடு கிடந்தவர். டீசல் விலை கழுத்தை நெரிக்கும்போது யார் கயிறு போட்டாலும் பிடிக்கத்தான் தோன்றும். அவரைப் போல இன்னும் எத்தனை பேர் 6,000 கட்டக் காத்திருக்கிறார்களோ. அதனால் கணக்கைப் பொதுவிலேயே போட்டுவிடுவோம் என்று இந்தப் பதிவு.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பாசியில் எண்ணெய் இருப்பது பொய் இல்லை. குளோரெல்லா, நானோகுளோரோப்சிஸ் மாதிரியான நுண்பாசிகள் வெயிலையும் கரியமில வாயுவையும் வைத்து உடம்பில் எண்ணெய் சேர்க்கின்றன. அந்த எண்ணெயைப் பிரித்து, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து வினைபுரிய வைத்தால் பயோடீசலும் கிளிசரினும் பிரியும். அந்த பயோடீசலில் என்ஜின் ஓடும். காணொளியில் ஓடிய என்ஜின் உண்மையாகவே பாசி எண்ணெயில்கூட ஓடியிருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அது இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை மில்லி? அதைக் காணொளியில் எங்கேயும் சொல்லவில்லை.

நாம் சொல்வோம்.

பத்து சதுர மீட்டர் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு சதுர அடிக்குக் கொஞ்சம் கூட. அனுபவம் இல்லாதவர் திறந்த தொட்டியில் வளர்த்தால் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 10 கிராம் உலர்ந்த பாசி கிடைத்தாலே பெரிய விஷயம். அதாவது மொத்தத் தொட்டிக்கும் 100 கிராம். அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்றால் 20 கிராம். அளந்து ஊற்றினால் 22 மில்லி.

ஒரு நாள் முழுக்க வெயில் அடித்து, ஆள் நின்று வேலை பார்த்து, 22 மில்லி. இருமல் டானிக் மூடியில் இரண்டு மூடி.

"10 கிராம் ரொம்பக் குறைச்சலா சொல்றீங்க" என்று பயிற்சிக்காரர்கள் வருவார்கள். இந்த எண் நாம் கற்பனை செய்தது இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 1978-லிருந்து 1996 வரை பதினெட்டு ஆண்டுகள், சுமார் 2.5 கோடி டாலர் செலவழித்து இதற்கென்றே ஒரு ஆராய்ச்சித் திட்டம் நடத்தியது. 3,000 பாசி வகைகளைச் சேகரித்தார்கள். நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராஸ்வெல் என்ற ஊரில் ஆயிரம் சதுர மீட்டர் குளங்கள் கட்டிப் பார்த்தார்கள். நல்ல நாளில் 50 கிராம்கூட வந்தது. ஆனால் குளிர்ந்த இரவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது வருடச் சராசரி 10 கிராம் அளவில்தான் நின்றது. படித்த விஞ்ஞானிகள், துடுப்புச் சக்கரம், குழாயில் கரியமில வாயு எல்லாம் வைத்து! நம்ம ஊர் வெயில் ராஸ்வெல்லைவிடத் தோதானது, சரி. இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். 44 மில்லி.

மீனவத் தோழர்களுக்காகவும் ஒரு கணக்கு. விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் வரிவிலக்கு டீசல் என்று இருந்ததை மாநில அரசு 19,000 ஆக்கியது. அந்த 19,000 லிட்டரைப் பாசியிலிருந்து எடுக்க, மேலே சொன்ன அளவில், கிட்டத்தட்ட 6 ஏக்கர் தொட்டி வேண்டும். ஒரே ஒரு படகுக்கு. ராமேஸ்வரத்தில் எத்தனை படகு நிற்கிறது என்று அங்குள்ள தோழர்களுக்குத் தெரியும். மொத்தம் எத்தனை ஏக்கர் தொட்டி வேண்டும் என்று பெருக்கிப் பாருங்கள்.

இதோடு முடியவில்லை. தொட்டித் தண்ணீரில் பாசி லிட்டருக்கு அரை கிராம் அளவில்தான் மிதக்கும். 100 கிராம் வேண்டுமென்றால் தினமும் 200 லிட்டர் தண்ணீரை வடிக்க வேண்டும். வடித்தால் வருவது பொடி இல்லை, சேறு. நன்றாக வடித்த சேற்றிலும் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அந்த 400 கிராம் தண்ணீரை மின்சாரத்தில் சூடாக்கி விரட்ட, எந்தச் சேதாரமும் இல்லையென்றாலும், கால் யூனிட் ஆகும். கிடைக்கிற 20 கிராம் எண்ணெயில் இருக்கும் மொத்த ஆற்றலோ சுமார் 0.2 யூனிட். உலர்த்துவதற்கு மட்டும் செலவழிப்பது, எண்ணெயிலிருந்து கிடைப்பதைவிட அதிகம்! வெயிலில் காயப்போடலாமே என்றால் போடலாம். ஐப்பசி கார்த்திகையில் எங்கே காயப்போடுவது? அரை ஈரத்தில் கிடந்தால் நாறும், எண்ணெயும் கெடும்.

இன்னொரு சிக்கல் பாசியின் இயல்பிலேயே இருக்கிறது. நன்றாகச் சாப்பாடு போட்டால் பாசி வளரும், எண்ணெய் சேர்க்காது. தழைச்சத்தை நிறுத்திப் பட்டினி போட்டால் எண்ணெய் சேர்க்கும், வளராது. எண்ணெய் 40 சதவீதம் என்று காட்டும் படங்கள் பட்டினி போட்ட பாசியின் படங்கள். வேகமாக வளர்வதைக் காட்டும் படங்கள் வயிறு நிறைந்த பாசியின் படங்கள். காணொளிக்காரர் இரண்டையும் ஒன்றாக ஒட்டி விற்கிறார். திறந்த தொட்டியில் வேண்டாத பாசியும், பாசியைத் தின்னும் நுண்பூச்சிகளும் வந்து சேரும். மரக்காணம் பக்கம் இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். குஞ்சுகளுக்குத் தீனியாகப் பாசி வளர்ப்பதுதான் அவர்கள் தினசரி வேலை. நேற்று பச்சையாக இருந்த தொட்டி இன்று காலையில் வெளுத்துக் கிடப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

அப்படிப் பாடுபட்டு வளர்த்தவர்கள் அதை ஏன் டீசலாக்கவில்லை? அவர்கள் கெட்டிக்காரர்கள், அதனால்தான். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பல ஆண்டுகளாக ஸ்பைருலினா வளர்க்கிறார்கள். அது சத்துணவுப் பொடியாக, மாத்திரையாகப் போகிறது. கிலோவுக்கு டீசலைப்போலப் பல மடங்கு விலை. அதை எரிப்பது பட்டு வேட்டியைத் திரி போட்டு விளக்கு ஏற்றுவது மாதிரி.

இப்போது மெத்தனாலுக்கு வருவோம். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

காணொளியில் 'ஏதோ இரண்டு திரவம்' என்று கலக்கினாரே, அதில் ஒன்று மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் கள்ளச்சாராயத்தில் கலந்து உயிர்களை எடுத்த அதே மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற அதே மெத்தனால். பார்வையைப் பறிக்கும், ஆவியை இழுத்தாலும் தோலில் பட்டாலும் உடம்புக்குள் போகும், பகல் வெளிச்சத்தில் அதன் தீச்சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. பாசியிலிருந்து எண்ணெயைப் பிரிக்கப் பயன்படுத்தும் ஹெக்சேனோ ஒரு சின்னப் பொறியில் குப்பென்று பிடிக்கும். இந்த இரண்டையும் குழந்தைகள் ஓடி விளையாடும் மாடியில் வாளியில் வைத்துக் கலக்கச் சொல்கிறார்கள். கையுறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கள்ளக்குறிச்சியில் இத்தனை உயிர் போன பிறகும் வீட்டுக்கு வீடு மெத்தனால் கேன் வைக்கச் சொல்கிற பயிற்சி வகுப்பை யார் அனுமதித்தது? இதை மாவட்ட நிர்வாகம் பார்க்க வேண்டாமா?

'சரி, பாசி வேண்டாம், பாக்டீரியா இருக்கே' என்று அடுத்த காணொளி வந்துவிட்டது. இதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. 2010-ல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் விஞ்ஞானிகள் நீலப்பச்சைப் பாசியின் மரபணுக்களை ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்து, அதை டீசல் போன்ற எண்ணெயைச் சுரக்க வைத்தார்கள். அருமையான அறிவியல். ஆனால் அந்த பாக்டீரியா காற்றையா தின்கிறது? சர்க்கரையைத் தின்கிறது. ஏட்டுக் கணக்கின் உச்சத்திலேயே ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று கிலோவுக்கு மேல் சர்க்கரை வேண்டும். ரேஷன் சீனியைக் கொட்டி டீசல் எடுக்கிற கதை. அந்த நிறுவனமும் 2014-ல் கைமாறிப் போனது.

'பெரிய கம்பெனிக்காரன் செய்ய விடமாட்டேங்கிறான், அதான் மறைக்கிறாங்க' என்று சில தோழர்களே சொல்கிறார்கள். நடந்தது நேர்மாறானது. உலகின் மிகப் பெரிய எண்ணெய் கம்பெனிகளில் ஒன்றான எக்ஸான்மொபில் 2009-ல் பாசி எரிபொருளுக்கு 60 கோடி டாலர் வரை போடுவோம் என்று அறிவித்தது. 2018-ல், 2025-க்குள் தினமும் 10,000 பீப்பாய் தயாரிக்கும் தொழில்நுட்பம் கைவசம் இருக்கும் என்றது. டிவியில், பத்திரிகையில் பச்சைக் குடுவை விளம்பரமாக ஓடியது. 2023 தொடக்கத்தில் ஓசையில்லாமல் கையைக் கழுவிவிட்டது. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளும் அந்தக் கம்பெனி கச்சா எண்ணெய் விற்பதை நிறுத்தவில்லை. சுற்றுச்சூழல் பற்றிக் கேட்டவர்களிடம் காட்ட ஒரு பச்சைக் குடுவை கிடைத்தது, அவ்வளவுதான். மறைத்தார்களா? ஊரெல்லாம் தமுக்கடித்தார்கள் தோழர்களே!

அமெரிக்கக் கடற்படை 2009-ல் ஒரு நிறுவனத்திடம் சுமார் 20,000 கேலன் பாசி எரிபொருளை வாங்கியது. ஆராய்ச்சிச் செலவோடு சேர்த்து கேலனுக்கு 400 டாலருக்கு மேல் விழுந்தது. அந்த நிறுவனம் பெயரை மாற்றி, உணவு எண்ணெய்க்குத் தாவி, 2017-ல் திவாலானது. இவ்வளவு பேர் முட்டி மோதிய இடத்தில் 6,000 ரூபாய்க்கும் இரண்டு நாள் வகுப்புக்கும் வழி பிறந்துவிடுமா?

நமக்கு இந்தப் படம் புதுசும் இல்லை. 1996-ல் ராஜபாளையம் பக்கத்திலிருந்து 'மூலிகை பெட்ரோல்' புறப்பட்டது நினைவிருக்கும். தண்ணீரில் இலையைப் போட்டுக் காய்ச்சினால் பெட்ரோல். தமிழ்நாடே கொண்டாடியது, டெல்லி வரை போனது, பிறகு சிபிஐ வழக்கு, 2016-ல் நீதிமன்றத் தண்டனை. சந்தேகப்பட்டவர்களை அன்று தமிழனின் சாதனையைப் பொறுக்காதவர்கள் என்று திட்டினார்கள். இன்று இந்தப் பதிவுக்கும் அப்படிச் சில பேர் வருவார்கள். வரட்டும்.

தெருவில் விற்பவரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது பாதி நியாயம்தான். இந்த நாட்டில் கனவு எரிபொருளை மொத்த வியாபாரம் செய்தது ஒன்றிய அரசு.

2003-ல் திட்டக்குழு காட்டாமணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. தரிசில் வளரும், தண்ணீர் வேண்டாம், ஆடு மாடு கடிக்காது, எண்ணெய் கொட்டும் என்றார்கள். 2009-ல் வந்த உயிரி எரிபொருள் கொள்கை, 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் கலப்போம் என்றது. 2017 வந்தது. ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2018-ல் புதுக் கொள்கை போட்டு, 2030-க்குள் 5 சதவீதம் என்று இலக்கைச் சுருக்கிக்கொண்டார்கள். ஆட்சியில் இருந்த கட்சி மாறியது, பேச்சு மாறவில்லை.

இடையில் காட்டாமணக்கு போட்டவன் கதி? தமிழ்நாட்டு விவசாயிகளிடம் நடத்தி 2010-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது இதுதான்: விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவு, தண்ணீர் இருந்தால்தான் காய்க்கிறது, ஏழை விவசாயிக்குத்தான் அடி அதிகம். கடலையும் சோளமும் போட்டிருந்தால் வீட்டுக்காவது ஆகியிருக்கும், மாட்டுக்குத் தட்டையாவது மிஞ்சியிருக்கும். கன்றைக் கொடுத்தவர்களும் கடனைக் கொடுத்தவர்களும் போய்விட்டார்கள். பிடுங்கிப் போட்ட கூலியும் விவசாயி தலையில். இதற்கு டெல்லியில் யாராவது ஒருவர் பதில் சொன்னார்களா?

டீசல் விலைக்கு வருவோம், ஏனென்றால் எல்லாமே அங்கேதான் தொடங்குகிறது. 2014-ல் ஒரு லிட்டர் டீசலுக்கு ஒன்றிய அரசின் கலால் வரி 3 ரூபாய் 56 காசு. 2020 மே மாதம், கொரோனாவில் ஊரே முடங்கிக் கிடந்தபோது, உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் மலிந்து கிடந்தபோது, அது 31 ரூபாய் 83 காசு ஆனது. உலகமே விலை குறைவு என்றது, நம்ம பங்கில் மட்டும் குறையவில்லை. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைத்தார்கள். குறைத்தும் அப்போது 15 ரூபாய் 80 காசு இருந்தது. 2014-ஐப்போல நான்கு மடங்குக்கு மேல். மாநில வரியும் இருக்கிறது, அதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் விலை ஏறிய கதையில் பெரிய பங்கு யாருடையது என்று இந்த எண்களே சொல்லும். வரியைப் போடுகிறவர் போட்டுக்கொண்டே இருப்பார், நீ மாடியில் பாசி வளர்த்துப் பிழைத்துக்கொள். இதுதானே ஏற்பாடு?

அந்த விவசாயத் தோழர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "அப்ப வீட்டுலயே எரிபொருள்ங்கிறது முழுப் பொய்யா தோழர்?"

இல்லை. அவர் வீட்டுக் கொல்லையிலேயே பதில் கிடந்தது. 1990-களில் அவருடைய அப்பா கட்டிய சாண எரிவாயுக் கலன். நம்ம ஆட்கள் கோபர் கேஸ் என்பார்களே, அது. இதுவும் நுண்ணுயிர்கள் செய்யும் வேலைதான். காற்று புகாத கலனுக்குள் சாணத்தைத் தின்று மீத்தேன் விடுகின்றன. தாய்ப்பாசி வாங்க வேண்டாம், அந்த உயிர்கள் சாணத்திலேயே வருகின்றன. மெத்தனால் வேண்டாம், ஹெக்சேன் வேண்டாம், உலர்த்த வேண்டாம். வாயு தானாக மேலே வந்து நிற்கும்.

கணக்கு இதோ. நாலைந்து மாடு, தினமும் 50 கிலோ சாணம், 2 கன மீட்டர் கலன். தினம் கிடைக்கும் வாயு சுமார் 850 கிராம் சமையல் கேஸுக்குச் சமம். பதினேழு நாளுக்கு ஒரு சிலிண்டர் மிச்சம். ஆற்றலாகப் பார்த்தால் தினமும் ஒரு லிட்டர் டீசல் அளவுக்கு வரும். 22 மில்லி எங்கே, ஒரு லிட்டர் எங்கே! (மாடு தின்ற தீவனமும் ஏதோ நிலத்தில் விளைந்ததுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அறுவடை, வடிகட்டல், அரைத்தல் எல்லாவற்றையும் மாடு சம்பளம் வாங்காமல் செய்கிறது.) பழைய ஆயில் என்ஜினில் காற்றோடு இந்த வாயுவையும் உள்ளே விட்டு, பற்றவைக்க மட்டும் கொஞ்சம் டீசல் கொடுத்தால், டீசல் செலவில் முக்கால் பங்கு வரை குறைக்கலாம். மோட்டார் ஓட்டிய பிறகு மிஞ்சும் கழிவுச் சாணம் வயலுக்கு உரம்.

அப்படியானால் அந்தத் தோழர் வீட்டுக் கலன் ஏன் செத்துக் கிடக்கிறது? குவிமாடத்தில் விரிசல். வாயு கசிந்தது. பூசிக் கொடுக்கத் தெரிந்த கொத்தனார் பக்கத்து வட்டாரத்தில்கூட இல்லை. மானியம் கொடுத்தபோது வந்த அதிகாரிகள் பழுது பார்க்க வரவில்லை. இப்போது அதில் விறகு அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் இதே கதைதான்.

ஒன்றிய அரசு என்ன செய்தது? 2018-ல் 'சதத்' என்ற திட்டத்தை அறிவித்தது. சாணம், வைக்கோல், நகரக் குப்பையிலிருந்து வாயு எடுத்து வண்டிகளுக்கு விற்கும் 5,000 ஆலைகள், 2023-24-க்குள். அந்த நிதியாண்டு முடிந்தபோது அந்தத் திட்டத்தில் இயங்கியவை நூறைக்கூட எட்டவில்லை. ஐயாயிரத்துக்கு நூறு! இதைத் தேர்வில் எழுதினால் எந்த வாத்தியார் பாஸ் போடுவார்? அந்த ஆலைகளும் பெரிய முதலாளிகளுக்குத்தான். நாலு மாடு வைத்திருப்பவருக்குக் குவிமாடத்தைப் பூசிக் கொடுக்க ஒரு ஆள் அனுப்ப அந்தத் திட்டத்தில் இடம் இல்லை.

எங்களை அறிவியலுக்கு எதிரி என்று யாரும் முத்திரை குத்த வேண்டாம். பாசி ஆராய்ச்சி நடக்கட்டும். பல்கலைக்கழகங்களில், அரசுச் செலவில், முடிவுகளைத் தமிழிலும் வெளியிட்டு நடக்கட்டும். சாக்கடை நீரைச் சுத்தம் செய்ய, மீன் தீவனத்துக்கு, மருந்துக்கு அதில் நிறைய வேலை இருக்கிறது. ஆராய்ச்சியில் தோற்பது குற்றம் இல்லை. தோற்றதை மறைத்துக் கடன்பட்டவனிடம் விற்பதுதான் குற்றம்.

நாம் கேட்பது இவை. டீசல் மீதான கலால் வரியை 2014 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒன்றியத்துக்கு இரண்டு கொத்தனார்களுக்காவது சாண எரிவாயுக் கலன் பழுதுபார்க்கப் பயிற்சி கொடுத்து, அந்த வேலையை நூறு நாள் வேலையைப்போல ஊராட்சியிலேயே கூலி போட்டுத் தர வேண்டும். மெத்தனாலை வைத்து 'டீசல் பயிற்சி' நடத்துகிறவர்கள் மீது மாவட்ட ஆட்சியர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும்.

உங்கள் குழுவில் அந்தக் காணொளி வந்தால் திட்டாமல் ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: தொட்டி எத்தனை சதுர அடி, ஒரு நாளைக்கு எத்தனை மில்லி?

அப்புறம் ஒரு வேலை. உங்கள் ஊரில் செத்துக் கிடக்கும் சாண எரிவாயுக் கலன்களைப் படம் எடுங்கள். எந்த ஆண்டு கட்டியது, எத்தனை மாட்டுக்கு, எதனால் நின்றது என்று மூன்று வரி எழுதி, ஊராட்சி பெயரோடு இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள். வீட்டுக்காரர் பெயர், போன் நம்பர் வேண்டாம். ஒன்றிய வாரியாகப் பட்டியல் எடுத்து வருகிற திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியரிடம் கொடுக்கிறோம். முதல் படம் நம்ம தோழர் வீட்டுடையது, விறகோடு சேர்த்து, கீழே இருக்கிறது.